வல்லை வெளியில் நாலு புள்ளடி

வினா ஆறு, பகுதி அ.
ஒரு பையில் இரண்டு சிவப்பு மாபிள், ஒரு நீல மாபிள்.
பார்க்காமல் ஒன்று எடுக்கப்படுகிறது.
மாதிரி வெளியை எழுதுக.
இரண்டு புள்ளி.

வலயப் பரீட்சைத் தாள் திருத்தத் தொடங்கி மூன்றாம் நாள்.
மண்டபத்து மின்விசிறி
கட்டுகளை ஒவ்வொரு பக்கமாய்ப் புரட்டி
எங்களுக்கு முன்னமே வாசித்து முடித்துவிட்டது.

அரைவாசிப் பிள்ளைகள் எழுதியிருந்தார்கள்:
சிவப்பு, நீலம்.
சங்கிலி அடைப்பையும் இறுக்கி மூடியிருந்தார்கள்.
பகுதி ஆவில் அரைக்கு அரை என்று
அடிமட்டம் வைத்துக் கோடு வேறு.

அப்படி வராது பிள்ளையள்.
ஒரே நிறம் என்பதற்காக
இரண்டு பேரை ஒரு பெயருக்குள் நிறுத்த ஏலாது.
சி ஒன்று, சி இரண்டு, நீ.
பைக்குள் போகிற கைக்கு வித்தியாசம் தெரியாது;
கணக்குக்குத் தெரியவேணும்.
(நீலத்தைச் சுருக்கினால் நீ என்றுதான் வரும்.
நாள் முழுக்க நீ, நீ, நீ என்று சரி போட்டேன்.)

தவமலர் ரீச்சரின் சோற்றுப் பார்சல்
ஒரு பழைய பேப்பரில் சுற்றியிருந்தது.
எண்ணெய் ஊறின மூலையில்
"சாரதியும் மேலும் மூவரும்".
பருப்பை விரலால் வழித்துவிட்டு
கீழே தேடினேன், மறுபக்கமும் திருப்பினேன்.
பெயர்கள் இருக்கவில்லை.
ரீச்சர், சாப்பிடுங்கோ ஆறுது என்றா.

மூன்று மணிக்கு ஒரு தாள் வந்தது.
சுட்டெண் மட்டும், கடைசி இலக்கம் ஏழு.
மாதிரி வெளியை எழுதுக என்றதற்கு
அந்தப் பிள்ளை எழுதியிருந்தது:
வல்லை வெளி. முற்றவெளி.
எங்கட வீட்டுக்குப் பின்னால் ஒன்று, அதுக்குப் பெயர் இல்லை.

மாதிரி என்றால் போல,
வெளி என்றால் வெளி.
பிள்ளையில் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
சூசைதாசன் சேர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
புள்ளித்திட்டத்தை ஒருதரமும்
பிள்ளையின் தாளை இரண்டுதரமும் பார்த்தார்.
"பூச்சியம்தான்" என்றார். பிறகு,
"மூலகம் மூன்று என்ட எண்ணிக்கை மட்டும் சரி."

ஐந்தரைக்கு வெளிக்கிட்டேன், நெல்லியடிக்கு.
பெற்றோல் முள் படுத்துவிட்டது.
கிழக்கில் முகில் தாழ இறங்கி நின்றது.
வல்லைச் சந்தியில் மனத்துக்குள் நெய்யரி கீறினேன்:
கிடையாக, மழை வரும், வராது.
நிலைக்குத்தாக, பெற்றோல் காணும், காணாது.
நாலு புள்ளடி.
நாலும் சமநேர்தகவுள்ளவை அல்ல என்று தெரியும்.
ஆனாலும் எது நடந்தாலும்
நாலில் ஒன்றுக்குள் நான் இருப்பேன் என்றொரு ஆறுதல்.
வீடு மாதிரி.

வெளிக்குள் இறங்கினதும் காற்று
கொடியில் கிடக்கிற சாரத்தைப் போல
என்னைப் பக்கவாட்டில் பிடித்து உதறியது.
இரண்டு பக்கமும் உவர் நிலம், தண்ணீர், தண்ணீரில் வானம்.
ஒரு மரம் இல்லை, எதையாவது நினைத்துக்கொண்டு நிற்பதற்கு.

நடு றோட்டில், சூடு ஆறாத தாரில்
மாடுகள் படுத்துக் கிடந்தன.
எத்தனை, என்ன நிறம் என்று சொல்லமாட்டேன்;
சொன்னால் இட்டுக்கட்டினது என்பீர்கள்.

ஹோர்ன் அடித்தேன். எஞ்சினை நிறுத்தினேன்.
மழையும் இல்லை, பெற்றோலும் முடியவில்லை,
ஆனால் அந்தப் புள்ளடியில் எழுதியிருந்தது
"வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று" என்று.
நடந்ததில் பிழை இல்லை.
என் பட்டியல்தான் சின்னது.

ஏழில் முடிகிற பிள்ளையின் வீட்டுக்குப் பின்னாலும்
இந்நேரம் இதே காற்றுத்தான் அடிக்கும்,
பெயர் இல்லாத அந்த இடத்தில்.

சரி, திரும்பவும் தொடங்குவம்.
மாடு எழும்பும். மாடு எழும்பாது.
அடைப்பை மூடப் போனேன்.
ஒன்று, படுத்தபடியே,
தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது.