ஜஸ்ட் நவ்

டர்பனில் வீடெடுத்த இரண்டாம் செவ்வாய்
பரணில் கீசர் வெடித்து
கூடத்துக்குள் வெந்நீர் மழை.
பிளம்பர் நெவில் மாரிமுத்து
போனில் சொன்னார்: "கமிங் ஜஸ்ட் நவ்."

நான் படித்துவந்த ஆங்கிலத்தில் அதற்கு
இரண்டே பொருள்.
இந்த நொடி. இல்லையென்றால் சற்றுமுன்.
சொட்டுக்குக் கீழே மூன்று வாளி, ஒரு இட்லிப் பானை,
கதவு விரியத் திறந்து.
கோவையிலிருந்து கூரியரில் வந்த பழுப்பு உறையை
மேசையிலிருந்து எடுக்க மறந்துவிட்டேன்,
அல்லது மறந்தேன் என்று வைத்துக்கொள்வோம்.

அவர் வந்தது வியாழக்கிழமை.
வாக்குத் தவறாதவரின் முகத்தோடு
டீ கேட்டார், இரண்டு சர்க்கரை.

நொம்வூலா கணக்குப் பிரிவே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள்:
"நவ் நவ் என்றால் கொஞ்சம் சீக்கிரம்.
ஜஸ்ட் நவ் என்றால் என்றைக்காவது.
வெறும் நவ் என்றால், ஐயோ, சாமியைக் கேள்."
எட்டாம் வகுப்பில் எழுதியது நினைவுக்கு வந்தது,
அடுக்குத்தொடர்: விரைவு, வெகுளி, உவகை, அச்சம்.
பாம்பு பாம்பு. தீ தீ. நவ் நவ்.

வார்விக் நிறுத்தத்தில் வேன் ஜஸ்ட் நவ் கிளம்பும்.
பதினான்கு பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம்.
எங்கள் அத்தனை பேருடைய இப்போதும்
இன்னும் வராத ஒருத்தியிடம் இருந்தது.
முட்டைக்கோஸ் மூட்டையோடு அவள் ஏறினாள்.
மணியானது.

ஊரை மட்டும் சொல்லிப் பயனில்லை.
போர்வைக்குள் கிடந்தபடியே
கீழே ஹாரன் அடிக்கும் நொம்வூலாவிடம்
"இதோ, வந்துட்டேன்" என்று கத்துகிறவள்தானே நான்.
ஒரு கால்கூடத் தரையில் படாமல்
இறந்தகாலத்தில் வந்துசேர்கிற மொழி.

ஞாயிறு இரவு இளம்பரிதி கூப்பிட்டான்.
சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை,
அது நல்லதுதான்.
"கையெழுத்துப் போட்டாச்சா? அனுப்பிட்டியா?
வக்கீல் கேக்கறார்."
உறை ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது.
உள்ளே என் பெயரும் அவன் பெயரும்
ஒரே நீலமாய் ஊறிப்போயிருந்தன.

"ஜஸ்ட் நவ்" என்றேன்.

"தேங்க்ஸ்" என்றான். குரலில் நிம்மதி.
அவனுக்கு அவன் ஆங்கிலம்.