திம்மராஜின் போன்

சித்திரை இரண்டாம் வாரம்
பிரிட்ஜ் ஒருமுறை குலுங்கி நின்றுவிட்டது.
பாலக்கோடு பூராவும் தேடிப்பார்த்த திம்மராஜ்
"ஓசூர்லேர்ந்து பார்ட்ஸ் வரணும்கா" என்றான்.
புளித்த குழம்பைக் கொட்டும்போதெல்லாம்
அவனைத் திட்டினேன்.

பிறகு
நாலே நாலு தக்காளி வாங்கப் பழகினேன்.
மண்டி வாசலில் கூடைக்காரி சிரித்தாள்:
"கிலோ பத்து ரூபாய்க்குப் போவுது,
உனக்கு நாலு எண்ணித் தரணுமா?"
எண்ணித் தந்தாள். ஐந்தாவதை அவளே போட்டாள்.

வெயிலில் கிடந்த தக்காளி
கைக்குள் இளஞ்சூடாக இருந்தது.
உப்பைத் தொட்டு நின்றபடியே தின்றேன்,
சாறு முழங்கை வரை ஓடியது.
குளிர்ந்த தக்காளிக்கு வாசனை இல்லையென்று
பதினோரு வருஷமாக எனக்குத் தெரியாது.

மீந்த ராகிக் களி
ராத்திரி தண்ணீரில் மூழ்கிக் கிடந்து
காலையில் மோரோடு கரைகிறது.
ஷிப்ட் முடிந்து வரும் நாகேந்திரன்
செருப்பைக் கழற்றுமுன் சொம்பைத் தேடுகிறார்.

அந்த உறுமல் இருந்த இடத்தில் இப்போது
கூட்ஸ் வண்டி பெட்டி பெட்டியாகக் கேட்கிறது.
நாற்பத்திரண்டு என்பேன் நான்.
நாற்பத்திநாலு என்பார் அவர்.
இதற்காக ஒருநாள் சண்டைகூடப் போட்டோம்.

கரன்ட் பில்லைப் பார்த்து மகள் கேட்டாள்,
"ரெண்டு மாசமா நாம ஊர்லயே இல்லையா?"
அவளுடைய படத்தாள்கள்தான் உள்ளே.
கதவைத் திறந்தால் கிரேயான் வாசம்.

இன்று போன்.
பார்ட்ஸ் வந்துவிட்டதாம்.
"மத்தியானம் வரட்டுமாக்கா?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டே
ஞாயிற்றுக்கிழமை வா என்றேன்.
எந்த ஞாயிறு என்று
அவனும் கேட்கவில்லை.