வ்ராச்

பெட்ரோல் பங்க் பையன் த்ரைலோ மேல் குற்றமில்லை.
இரவு இரண்டேகாலுக்கு ஒரு ரஷ்யக்காரி
கண்ணாடிக் கதவை அறைந்து
"வ்ராச்சா! வ்ராச்சா!" என்று அலறினால்
நெகோதின் பக்கத்தில் பிறந்தவன் என்ன செய்வான்?
எங்கள் செர்பியனில் அந்தச் சொல்லுக்கு
ஸ்டெதாஸ்கோப் கிடையாது.
செய்வினை எடுப்பவன், ஈயம் உருக்கி ஊற்றுபவன்,
செத்தவர்களிடம் சேதி கேட்டுச் சொல்பவன்
அவன்தான் வ்ராச்.
பெண்ணென்றால் வ்ராச்சரா.
அப்படி ஒருத்தி, டாக்ஸியில் எட்டு நிமிடத் தொலைவில் இருந்தாள்.
கூப்பிட்டுவிட்டான்.
டீசல் கேட்டவனுக்கு டீசல்.

யோர்கோவாங்கா வந்தாள்.
கறுப்பு முக்காடு எதிர்பார்க்காதீர்கள்.
நாற்பத்திரண்டு வயது, ஊதா நகப்பூச்சு,
பகலில் செல்போன் உறை விற்கிற கடை.
கையில் ஒரு கிண்ணம், தாளில் சுற்றிய மூன்று கரித்துண்டு.
காருக்குள் குனிந்தாள்.
நெஞ்சைப் பிடித்தபடி நனைந்து கிடந்தவரின்
உதட்டைப் பார்த்தாள்.
நீலம்.
கிண்ணத்தைப் பனியில் வைத்தாள்.
"என்னை எதுக்குடா கூப்பிட்டே, கழுதை?
லேக்கரைக் கூப்பிடு!"

லேக்கர் நான்.
ஆம்புலன்ஸில் பாதித் தூக்கத்தில் வந்தவன்.

லேக் என்றால் மருந்து, அதைத் தருகிறவன் லேக்கர்.
திமோக் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பல்கேரியாவிலும் அதே.
வார்சாவில் லேக்காஷ், கீவில் லீகார்.
ஃபின்லாந்துக்காரர்கள்கூட
ஸ்வீடனிலிருந்து அதற்கு உறவான ஒன்றை வாங்கி
லாக்காரி என்று நீட்டிக்கொண்டார்கள்.
ஸ்லோவேனியாவில் மட்டும் ஸ்த்ராவ்னிக்:
நலத்தை வைத்துப் பெயர், மருந்தை வைத்தல்ல.
வசதியான நாடு, வைக்கலாம்.
டான்யூபுக்கு அக்கரையில் ரொமேனியர்கள்
மருந்துக்கு எங்கள் வீட்டுச் சொல்லைக் கடன் வாங்கிப் போனார்கள்.
இன்றுவரை திருப்பித் தரவில்லை.

ரஷ்யர்கள் வைத்துக்கொண்டது வ்ராச்.
அதற்குள் ஒரு கிழட்டு வினைச்சொல் உட்கார்ந்திருக்கிறதாம்,
அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள்:
முணுமுணுத்தல், மந்திரித்தல், வெறுமனே பேசுதல்.
அதுவே தேய்ந்து தேய்ந்து
இன்றைய ரஷ்யனில் வ்ராத்.
பொய் சொல்லுதல்.
கல்லூரியில் இதைக் கேட்டு
வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

நெகோதினுக்குப் பதினொரு கிலோமீட்டர்.
அவர் பெயர் வெனியமீன். மனைவி ஸினயீதா.
அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு
"நீங்கள் வ்ராச்தானே? வ்ராச்தானே?" என்றாள்.
"தா" என்றேன்.
ஊசி போட்டேன். ஆக்சிஜன் வைத்தேன்.
செய்வதற்கு இருந்ததெல்லாம் நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது.
திரையில் கோடு குடிகாரன் எழுத்துபோல் போய்க்கொண்டிருந்தது.

அவர் கண்ணைத் திறந்து ஏதோ கேட்டார்.
எனக்கு ரஷ்யனில் முப்பது சொல் தெரியும்.
அந்தக் கேள்விக்கு ஒன்றுகூடத் தேவையில்லை.
அவர் காதருகே குனிந்தேன்.
ஒன்றுமில்லை என்றேன்.
ஒன்றுமே இல்லை,
விடிவதற்குள் எழுந்து உட்கார்ந்துவிடுவீர்கள்,
ஒன்றுமில்லை.
ரத்த அழுத்தம் எழுபதுக்குக் கீழே.
ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை,
ஒவ்வொரு வளைவிலும், தாழ்ந்த குரலில்,
மூச்சு வாங்கக்கூட நிறுத்தாமல்
ஒன்றுமில்லை.

என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள் ஸினயீதா.
"வ்ராச்" என்றாள் மெதுவாக.
எந்த மொழியில் என்று நான் கேட்கவில்லை.

பொய் பாதி பலித்தது.
விடியலில் அவர் எழவில்லை.
மறுநாள் மாலைதான் உட்கார்ந்தார்,
சூப்பில் உப்பில்லை என்று சண்டை போட்டார்.

அடுத்த செவ்வாய் யோர்கோவாங்கா ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.
டாக்ஸிக் கூலி வேண்டுமாம், அறுநூறு தினார்.
"நீதான் மந்திரிக்கவே இல்லையே?"
"அதை நீங்கள் பார்த்துக்கொண்டீர்களாமே, கேள்விப்பட்டேன்.
நோய் என்னவென்று முதலில் சொன்னது யார்?"

கொடுத்தேன்.
ரசீது எழுதும்போது பேனாவைத் தடுத்து,
டாக்ஸி என்று போடாதீர்கள் என்றாள்.
ஆலோசனைக் கட்டணம் என்று போடுங்கள்.