மேற்படி நபர் ஒருவரே

காலை ஏழரைக்கு ஷட்டரைத் தூக்கினால்
முதலில் அது குளிர்காய வேண்டும்.
பெட்டியின் பக்கமூடியைக் கழற்றி
நாற்பது வாட் பல்பைக் கிட்டே வைப்பேன்.
மஸ்கெலியாவின் டிசம்பர்
ஹார்ட் டிஸ்க்குக்குள்ளும் இறங்கிவிடுகிறது.
ஒரு கனைப்பு, ஒரு உறுமல்,
பிறகு விண்டோஸின் நாலு நிறக் கொடி.
அதற்குள் நான் பிளேன்டீ குடித்து
கிளாசையும் கழுவிக் கவிழ்த்திருப்பேன்.

ஹட்டனிலிருந்து இல்ஹாம் வந்து பார்த்தான்.
உள்ளே டோர்ச் அடித்து விசிலும் அடித்தான்.
"பூஞ்சணம் பூத்திருக்கு அக்கா."
என் பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதினான்:
எஸ்.எஸ்.டி ஒன்பதாயிரம்.
ரேம், பழசுதான், நாலாயிரத்து ஐந்நூறு.
பவர் சப்ளை போனால் அது வேற.
ஒரு கோடு இழுத்து அதற்குக் கீழே
பாவித்த லேப்டாப், அறுபத்தெட்டாயிரம்.
புதுசின் விலையை எழுதவில்லை,
வாயால் சொன்னான்,
சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

"புதுசுல பாமினி ஓடுமா?"
"ஓடும். ஆனா இப்ப யாரு அக்கா பாமினி?"

நான்.
பதினோரு வருஷமாய்.
விரல்களுக்கு வேறு குறுக்குவழி தெரியாது.
அந்த எழுத்துரு இல்லாத மெசினில் என் கோப்பைத் திறந்தால்
சம்பள நிலுவைக் கடிதமும் காணி விண்ணப்பமும்
ஒரேமாதிரி ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய்
கைதவறிக் கொட்டிய உளுந்தாய்க் கிடக்கும்.
எது யாருடைய வழக்கென்று
எனக்கே தெரியாது.

ஒரு பக்கம் அடிக்க நூறு ரூபாய்.
லேப்டாப் என்றால் அறுநூற்று எண்பது பக்கம்.
கரண்டு போகாத, மழை அடைக்காத,
சம்பளம் போட்ட கிழமையில்
நாளுக்குப் பதினைந்து பக்கம்.
மற்றக் கிழமைகளைச் சேர்க்கப் பயந்து
கல்குலேட்டரைக் குப்புறப் போட்டேன்.

கொழும்பிலிருந்து தம்பி சொல்கிறான்,
எல்லாம் போனிலேயே அடிக்கலாமாம்.
சத்தியக்கடதாசியைப் போனில் நீட்டினால்
எங்கள் சமாதான நீதவான்
கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார்,
அது அவனுக்குத் தெரியாது.

வாசலில் சிவபாக்கியம்.
ஈ.பி.எஃப் காசை மறித்துவிட்டார்களாம்.
பிறப்புச் சான்றிதழில் சிவபாக்கியம்,
அடையாள அட்டையில் சிவபாக்கியவதி,
தோட்டத்துச் செக்ரோலில் வெறும் பாக்கியம்,
அதுவும் தகப்பன் முதலெழுத்து மாறி.
முப்பத்திரண்டு வருஷம் கொழுந்து பறித்தது
இதில் யார் என்று கேட்டிருக்கிறார்கள்.

படிவம் திறக்க நாலு நிமிஷம்.
காத்திருந்தவள் எட்டிப் பார்த்தாள்.
"என்னா இது, வயித்தத் தொறந்து போட்டிருக்கீங்க?"

நானும் பார்த்தேன்.
மொனிட்டர், மூடிப்போன நகை அடகுக் கடையுடையது.
கீபோர்டு மூன்றாவது.
மதர்போர்டு, இடி விழுந்த வருஷம் மாற்றியது.
மவுசைக் கணக்கில் எடுப்பதில்லை.
முதலில் வாங்கியதில் மிச்சம்
தகரப் பெட்டியும் இந்தக் கிழட்டு டிஸ்க்கும்
நெற்றியில் பிள்ளையார் ஸ்டிக்கரும்தான்.
ஆனாலும் இன்றுவரை
"என் கொம்பியூட்டர்" என்றுதான் சொல்கிறேன்,
யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.

அடித்தேன்:
மேற்கூறிய மூன்று பெயர்களாலும்
குறிப்பிடப்படும் நபர் நான் ஒருவரே என
இத்தால் பயபக்தியுடன் உறுதியளிக்கிறேன்.
எத்தனை நூறு முறை அடித்த வரி.
இன்றைக்குத்தான் "ஒருவரே"யில் விரல் நின்றது.

பிரிண்டர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே
இல்ஹாமுக்குக் கோல் எடுத்தேன்.
"எஸ்.எஸ்.டியைக் கொண்டு வா. ரேம் அடுத்த மாசம்.
வந்ததும் மொதல்ல பாமினிய கொப்பி பண்ணு,
மத்ததெல்லாம் பொறகு."
இன்னும் இரண்டு மழைக்காலம் தாங்குமா என்று கேட்டேன்.
அவன் வேறெதற்கோ "ம்" என்றான்.

சிவபாக்கியம் தாளை வெளிச்சத்தில் பிடித்து
தன் பெயர்களை ஒவ்வொன்றாய் விரலால் தொட்டாள்.
"மூணு பேருக்கும் சேத்து எவ்வளவு?"

"ஒருவரேன்னு அடிச்சாச்சே,
ஒரு ஆளுக்குள்ள காசுதான்."

சிரித்துக்கொண்டே முடிச்சை அவிழ்த்தாள்.
பல்பை அணைக்க மறந்திருந்தேன்.