பதினேழாம் இடம்

பன்னிரண்டு ஆட்டம். பன்னிரண்டும் வெற்றி.
பன்னிரண்டு சனிக்கிழமையும் இரவு இரண்டு மணிவரை
எழுபது ஜெர்சிகளை இந்த உருளைக்குள் சுழலவிட்டவன் நான்.
பச்சைக் கறை, ரத்தக் கறை, எல்லைக்கோட்டுச் சுண்ணாம்பு.
எந்தக் கூட்டணியின் புல் என்று
கறையில் எழுதியிருப்பதில்லை.

டிசம்பர் ஞாயிறு. சாப்பாட்டுக் கூடத்து டிவி முன் பையன்கள்.
வெளியே வயோமிங் காற்று
கொடிக்கம்பக் கயிற்றை டங் டங்கென்று அடிக்கிறது.
கோட்டு போட்ட நால்வர் எங்களைப் பற்றி
நாற்பது நொடி பேசினார்கள்.
"நல்ல பையன்கள்தான். ஆனால் யாரோடு ஆடினார்கள்?"

யாரோடு ஆடினோம்?
வரச் சம்மதித்தவர்களோடு.
பெரிய கூட்டணிக்காரர்களுக்கு
ஆறு வருடமாகக் கடிதம் போடுகிறார் கோச் டகெட்.
பதில் ஒன்றே ஒன்று வந்தது:
தோற்றால் எங்களுக்கு அவமானம்,
ஜெயித்தால் மரியாதை கூடாது. எதற்கு?

மூன்று தோல்வியோடு ஒரு பெரிய வீட்டுப் பிள்ளை
ஒன்பதாம் இடத்தில் உட்கார்ந்திருக்கிறான்.
தோற்றது பலசாலிகளிடமாம்.
அவர்கள் எப்படிப் பலசாலிகள்?
இவனை ஜெயித்ததால்.
என் டிரையரும் இப்படித்தான்,
சுற்றிச் சுற்றி வருவது அதே துணி.
யானைக்கு என்றால் அடி சறுக்கும்,
எங்களுக்கு என்றால் அதுதான் எங்கள் லட்சணம்.

எங்களுக்குப் பதினேழு.
கூடவே ஒரு சிப்ஸ் கம்பெனியின் பெயரில் கோப்பை,
செவ்வாய் மதியம், ஆயிரம் மைலுக்கு அப்பால்.
எதிரே, பெரிய கூட்டணியில் ஏழாவதாக வந்தவர்கள்.
எண்பத்தெட்டாம் நம்பர் ட்ரெவியன் மேக்சி
தட்டிலிருந்த பீன்ஸை எண்ணிக்கொண்டிருந்தான்.

போனோம். முப்பத்தொன்று, பத்து.
திரும்பும்போது விமான நிலைய டிவியில் அதே கோட்டு:
"அவர்களுக்கு மனசே இல்லை ஆட்டத்தில்.
முக்கியமான ஐந்து பேர் வரவேயில்லை."
தோற்றிருந்தால், அப்போதே சொன்னோமே.
அந்த வாக்கியத்தையும் இஸ்திரி போட்டுத்தான்
மாட்டி வைத்திருந்திருப்பார்.

இன்று சலவை அறை.
மேக்சியின் ஜெர்சியில், வலது தோளில்,
எங்களுடையதல்லாத செம்பு நிறப் பெயின்ட்.
அவர்கள் ஹெல்மெட் உரசி ஒட்டியது.
வெந்நீர் விட்டேன். சோடா போட்டேன்.
பிரஷ்ஷை எடுத்தபோது அவனே வந்து எட்டிப் பார்த்தான்.
"போகலையா?"
"போகல."
"சரி" என்றான்.
போகாமல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான்.
பிரஷ்ஷைக் கீழே வைத்தேன்.