ஏழாம் எண் பியூரெட்

நாளை செய்முறைத் தேர்வு.
கடலூர் முதுநகரில் குழாயைத் திறந்தால்
உப்பனாறே எட்டிப் பார்க்கும்.
அதனால் பேட்டரிக் கடையில் கடன் சொல்லி
ஐந்து கேன் காய்ச்சி வடித்த நீரைச்
சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தேன்.

பன்னிரண்டு தாங்கி, பன்னிரண்டு பியூரெட்.
பெர்மாங்கனேட்டுக்கு ரப்பர் ஆகாது, தின்றுவிடும்;
கண்ணாடித் திருகுதான்.
ஒவ்வொன்றுக்கும் வேசலின் தடவிச் சுழற்றினேன்.
ஏழு மட்டும் பிடிகொடுக்கவில்லை.
திருகின் இடுக்கில் கசிவு.
நாற்பது எண்ணினால் ஒரு துளி.
மாற்று கேட்டு எழுதிய கடிதம்
ஆடியில் போனது. இது மாசி.

பட்டியலைப் பார்த்தேன்.
ஏழாம் மேசை, யோகதர்ஷினி.
கடைசி அரைத்துளியைக்கூடக்
குடுவையின் கழுத்தில் தொட்டெடுத்து
நீர்விட்டு இறக்குகிறவள்.
இடம் மாற்றி உட்கார வைக்க
எனக்கு அதிகாரம் இல்லை.
இன்னொரு முறை வேசலின் தடவினேன்.

வெளித்தேர்வாளர் நெய்வேலியிலிருந்து வந்தார்.
வந்ததும் மின்விசிறியைத் தேடினார்.
பதினோரு தாள்களில்
20.4, 20.4, 20.4.
முதல் மேசையில் கிளம்பிய இருமலோடு
எண்ணும் பரவியிருக்க வேண்டும்.
மோர் உப்பை எடைபோட்டவன் நான்;
சரியான அளவு அதுதான்.
ஆனால் மூன்று முறையுமா?

ஏழாம் தாளில்
20.4, 20.7, 20.5.
"ஒத்த அளவு எங்கம்மா?"

அவள் வாய் திறக்கவில்லை.
இடது கையை நீட்டினாள்.
ஆள்காட்டி விரலோரம்
நகத்திலிருந்து கணுவரை ஒரு பழுப்புக் கோடு.
"ஓட்டுப் போட்டுட்டியாடி?"
பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
திருகின்மேல் விரல் வைத்து
அப்படியே நின்றார்.
நான் மனதுக்குள் எண்ணினேன்.
முப்பத்தெட்டு.
முப்பத்தொன்பது.

என்ன மதிப்பெண் போட்டார், தெரியாது.
உறையில் வைத்து அரக்கு ஊற்றிவிட்டார்கள்;
மெழுகுவத்தி பிடித்ததும் நானே.

பிள்ளைகள் போனபின் கழுவ உட்கார்ந்தேன்.
பல குடுவைகளில் அடர் ஊதா,
மூடத் தாமதித்த கைகளின் நிறம்.
ஏழாம் மேசையில் இருந்தது
வெள்ளைத்தாளின்மேல் வைத்தால்தான் தெரிகிற
இளஞ்சிவப்பு.

அதைக் கடைசியாகக் கவிழ்த்தேன்.