பில் யாருடைய பெயரில்

பம்பலப்பிட்டி, பதினோராவது மாடி.
பல்கனிக்கும் அப்பால் ஒரு முழ அகலத் தட்டில்
குளிரூட்டியின் வெளிப்பெட்டி, பக்கத்தில் நான்.
இடுப்பில் பட்டி. பட்டியின் கொக்கியில்
கொம்பனி சிவப்பு மையால் எழுதிய எண்: பதினேழு.
கீழே களுத்துறை ரயில் போய்விட்டது;
சத்தம் மட்டும் தாமதமாக ஏறி வருகிறது.

வீட்டுக்கார அம்மா தேத்தண்ணியோடு ஜன்னலில்:
"தம்பி, கொம்பனிக்கு ஏன் சும்மா ஒன்பதாயிரம்?
அடுத்தமுறை நேரே உங்களைக் கூப்பிடுறன்.
நம்பரைத் தாங்கோ."
கையில் ஸ்பானர். பற்களுக்கிடையில் ஒரு திருகாணி.
தலையை ஆட்டினேன்.
ஆமென்றா இல்லையென்றா
எனக்கே விளங்காத ஆட்டல்.

ஒன்பதாயிரத்தில் எனக்கு எவ்வளவு என்று
அந்தரத்தில் நின்றே கணக்குப் பார்க்கப்
பழகிவிட்டேன்.
கேஸ், வேன், டீசல்,
போனை எடுத்து "குட் மோர்னிங்" சொல்லும் நெலுகா,
அவளுக்கு மேலே ஒருவர், அவருக்கும் மேலே
எட்டு வருடத்தில் இரண்டே முறை நான் கண்ட முதலாளி.
எல்லாரும் எடுத்தபின் எனக்கு
ஒரு சோற்றுப் பார்சலும் பஸ் காசும்.
ஆனாலும் இருபத்தைந்தாம் திகதி
மழையோ வெயிலோ
போன் ஒருமுறை சிணுங்கும்.
அந்தச் சிணுங்கலை நம்பித்தான் டிலானி
அரிசிக்கடைக் கொப்பியில்
மாதம் முழுக்கக் கையெழுத்து வைக்கிறாள்.

ஃபஸ்லான் விட்டுவிட்டுப் போனான்.
"மச்சான், இப்ப நான்தான் முதலாளி" என்றான்.
அவனுக்குக் கீழே வேலை செய்வதும் அவன்தான்.
அவனைத் தூஷணத்தில் ஏசுவதும் அவன்தான்.
ஏப்ரல் வெக்கையில் தூங்க நேரமில்லை;
ஒக்டோபரில் மழை பிடித்தால்
மாளிகாவத்தை மாடிப்படியில் உட்கார்ந்து
ஒலிக்காத போனைத் துடைத்துக்கொண்டிருப்பான்.
மூன்று வீடுகள் இன்னும் காசு தரவில்லை.
நாலாவது வீடு
நாயை அவிழ்த்துவிட்டது.
ஆனால் மகளின் விளையாட்டுப் போட்டிக்கு,
புதன்கிழமை, காலை பத்து மணி,
அவன் போனான். வேலியோரம் நின்று
தொண்டை கட்டும்வரை கத்தினான்.
அந்த மாதமே என் மகனும் சாக்கு ஓட்டம் ஓடினான்.
நான் லீவுப் படிவத்தில்
'காரணம்' என்ற கோட்டுக்கு மேல்
பேனாவைப் பிடித்தபடி இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் முதலாளிதான்.
வெள்ளவத்தையில் தொடங்கி கல்கிசை வரைக்கும்
என் ராஜ்ஜியம்.
பட்டி மட்டும் கிடையாது.
சனி மாலை ஆறுக்கு அது
கொம்பனி அலுமாரிக்குள் போய்விடும்.
தெஹிவளையில், எட்டாம் மாடியில் ஒருமுறை
நைலோன் கயிற்றைக் கட்டில் காலில் முடிந்து
மறுமுனையை இடுப்பில் சுற்றி இறங்கினேன்.
அந்தக் கட்டிலில் வீட்டுக்காரர்
காய்ச்சலோடு படுத்திருந்தார்.
"அசையாதீங்க ஐயா" என்றேன்.
பாவம், அசையவில்லை.
என் ஈ.பி.எஃப், என் காப்புறுதி எல்லாம்
அன்றைக்கு அவ்வளவுதான்:
ஒரு காய்ச்சல்காரரின் பாரம்.

விலகல் கடிதம் மூன்று கிழமையாகச் சட்டைப்பையில்.
ஒருமுறை துவைத்தும் ஆயிற்று.
திகதி கரைந்துவிட்டது, முதலாளியின் பெயரும்.
'தாழ்மையுடன்' மட்டும் போகவில்லை,
அழுக்கு நீலத்தில், பிடிவாதமாக.

நேற்று பஞ்சிகாவத்தையில் இறங்கி
பட்டிக்கு விலை கேட்டேன்.
கடைக்காரர் இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினார்.
"நூறு கிலோ தாங்கும். நீங்க எவ்வளவு?"
அறுபத்திரண்டு என்றேன்.
லீசிங்கைச் சேர்க்கவில்லை.
டிலானிக்குத் தெரியாத நோட்டுகளை
ஒவ்வொன்றாக மேசையில் வைத்தேன்.
அவர் பில் புத்தகத்தை விரித்து
கார்பன் தாளை நேராக்கியபடி கேட்டார்:
"கொம்பனிப் பேரா, சொந்தப் பேரா?"
பின்னால் ஒரு லொறி
வழிகேட்டு அடித்துக்கொண்டே இருந்தது.
"பேரை விடுங்க" என்றேன்,
"நான் எழுதிக்கொள்றேன்."